உறங்காத கணிப்பொறியும் நூறு யூனிட்டும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

விஞ்ஞானம் நம் வீட்டிற்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கும் கருவிகளை இரு வகையாகப் பிரிக்கலாம். அழைத்தால் உழைப்பவை ஒரு வகை. மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை. வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்து விடுகிறோம். நாம் உறங்கும்போதும் உறங்காதவை இரண்டாம் வகை. குளிர்சாதனப் பெட்டியும் இணையத்திற்கான ரவுட்டரும் இதில் அடங்கும். அண்மைக் காலத்தில் இந்த உறங்காத கூட்டத்தில் புதிதாக ஓர் உறுப்பினர் சேர்ந்திருக்கிறார். அவர்தான் வீட்டு சர்வர்.

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி பரிமாறுபவரே நம் நினைவுக்கு வருவார். அதில் தவறேதும் இல்லை. இரண்டு பேருக்கும் தொழில் ஒன்றே. கேட்பவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுப்பது. வீட்டின் ஒரு மூலையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கணிப்பொறியில் பாடக் குறிப்புகள், சான்றிதழ்களின் நகல்கள், குடும்பப் புகைப்படங்கள், நூல்கள் ஆகியவற்றைச் சேமித்து வைத்துவிட்டால், வீட்டிலுள்ள எந்தக் கைப்பேசியிலிருந்தும் அவற்றை எடுத்துக்கொள்ளலாம். இதுவே வீட்டு சர்வரின் பணி.

இப்படி ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பும் மாணவர்கள் நம்மிடையே பெருகி வருகிறார்கள். எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்வி எழும்போது, வேகம் எவ்வளவு, நினைவகம் எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சும்மா இருக்கும்போது எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்று கேட்பவர் மிகச் சிலரே. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நமக்கு எதற்கு இது?

"கூகுள் இருக்கிறது, டிஜிலாக்கர் இருக்கிறது, வீட்டில் தனியாக ஒரு சர்வர் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொலைவில் உள்ள சேமிப்பகங்கள் பயனற்றவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை நம்மை எட்ட வேண்டுமானால், இடையில் உள்ள கம்பியும் கோபுரமும் நின்றாக வேண்டும்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களைத் திருநெல்வேலிச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து ஓடியது. ஜங்ஷன் பேருந்து நிலையம் நீரில் மூழ்கியது. ஆற்றை ஒட்டிய வண்ணார்பேட்டைத் தெருக்களிலும் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் போயிற்று, கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. அந்நாட்களில் எத்தனை பெரிய சேமிப்பகம் அமெரிக்காவில் இருந்தென்ன, சிங்கப்பூரில் இருந்தென்ன? பக்கத்துத் தெருவுக்கே செய்தி சொல்ல வழியில்லை. அம்மாதத்தில் வெள்ளம் பாதித்த மாவட்டங்களில், சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் வழங்க அரசு தனியே முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் மதிப்பெண் பட்டியலும் நம் போன்றோர்க்கு வெறும் காகிதங்களா? அடுத்த படிக்கட்டுக்கு ஏற உதவும் கைப்பிடிகள் அல்லவா?

மற்றொரு காரணமும் உண்டு. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு அண்ணன் விட்டுச் சென்ற குறிப்பேடும் அக்கா அடிக்கோடிட்ட புத்தகமும் வீட்டு அலமாரியில் கிடைக்கும். தலைமுறையில் முதன்முறையாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்க்கு அந்த அலமாரி கிடையாது. அந்த அலமாரியை ஒரு தெருவுக்கே அமைத்துக் கொடுக்க ஒரு சிறு சர்வரால் முடியும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தமிழ் நூல்களை அதில் நிரப்பி வைக்கலாம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இணையமே இன்றிப் படிக்கலாம். மூத்த மாணவர்களின் குறிப்புகளையும் பழைய வினாத்தாள்களையும் சேர்த்து வைக்கலாம். ஆகவே தேவை உண்டு. அதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்பதையே இனிப் பார்க்க வேண்டும்.

வாட் கணக்கு

இயற்பியலில் நாம் முதலில் படிக்கும் கணக்குகளுள் ஒன்று இது. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ஒரே ஒரு வாட் இழுக்கும் கருவி இரவும் பகலும் 60 நாள் ஓடினால் எவ்வளவு? 1,440 மணி நேரம், அதாவது 1.44 யூனிட். ஓர் ஆண்டுக்கு 8.76 யூனிட். இந்த இரண்டு எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். எந்தக் கருவியையும் எடைபோட்டு விடலாம்.

நம் மாநிலத்தில் வீடுகளுக்கு மின்கணக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. 2016-இல் அந்த இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என்று அறிவிக்கப்பட்டது. அதற்கு மேல் படிப்படியாகக் கட்டணம் உயரும். கூடுதலாகச் செலவழிப்பவர்க்கு ஒவ்வொரு யூனிட்டும் கூடுதல் விலை. இதில் ஒரு பழைய மேசைக் கணிப்பொறியை வைத்துப் பார்ப்போம். திரையை அணைத்துவிட்டு, எந்த வேலையும் கொடுக்காமல் வைத்தாலும், அவ்வகைக் கணிப்பொறி 60 வாட் இழுப்பது இயல்பு. இரண்டு மாதத்திற்கு 86.4 யூனிட்! 100 யூனிட்டில் 86 யூனிட்டை, ஒரு வேலையும் செய்யாத ஒரு பெட்டி விழுங்கி விடுகிறது. மாவரைக்கும் கிரைண்டருக்கும், படிக்கும் தங்கையின் தலைக்குமேல் சுழலும் மின்விசிறிக்கும் மிஞ்சுவது 14 யூனிட். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொன்றும் காசு.

ஏன் இப்படி? சர்வரின் வாழ்க்கையில் பெரும்பகுதி காத்திருத்தல்தான். காலையில் ஒருவர் ஒரு படத்தைச் சேமிக்கிறார். மாலையில் ஒருவர் ஒரு பாடத்தைப் படிக்கிறார். 24 மணி நேரத்தில் அது உண்மையில் உழைப்பது சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் அது கைகட்டி நிற்கிறது. ஆகையால் அது ஓடி உழைக்கும்போது எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைவிட, நிற்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்பதே நம் பணப்பையைத் தீர்மானிக்கிறது.

மேசைக் கணிப்பொறி நிற்கும்போதே இவ்வளவு உண்பதற்குக் காரணங்கள் உண்டு. அதன் மின்வழங்கிப் பெட்டி 400, 450 வாட் தருவதற்காகச் செய்யப்பட்டது. பெரிய பாரத்திற்காக அமைத்த லாரியில் ஒரு தேங்காயை ஏற்றிச் செல்வது போல, மிகக் குறைந்த பாரத்தில் அதன் திறன் சரிந்து, ஒரு பகுதி மின்சாரம் வெறும் வெப்பமாகிப் போகிறது. மூன்றரை அங்குல ஹார்ட் டிஸ்க் சும்மா சுழல்வதற்கே ஏறத்தாழ 5 வாட் கேட்கும். விசிறிகளும், படங்காட்டும் தனி அட்டையும் தம் பங்கைக் கேட்கும். இழுத்த மின்சாரமெல்லாம் இறுதியில் வெப்பமாகத்தானே மாற வேண்டும்? ஓய்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. 60 வாட் பெட்டியை வைப்பதென்பது, சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டின் ஓர் அறைக்குள் அரை ஆளைக் கூடுதலாக உட்கார வைப்பதற்குச் சமம்.

மின்சாரம் விளையும் மண்

"நம் மாவட்டத்திலா மின்சாரத்திற்குப் பஞ்சம்?" என்று கேட்போரும் உண்டு. பெருமைக்குரிய கேள்வி! பொதிகையிலிருந்து விழும் நீரின் வலிமையைக் கொண்டு 1880-களிலேயே பாபநாசத்தில் நூற்பாலை ஓட்டிய மண் இது. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. இன்று அதன் திறன் 32 மெகாவாட். கூடங்குளத்தில் 1,000 மெகாவாட் அணு உலைகள் இரண்டு, 2014-இலும் 2017-இலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. தென்கோடிக் கணவாய்க் காற்றிலும் மின்சாரம் விளைகிறது.

ஆயினும் ஒரு சிறு பெருக்கலைச் செய்து பாருங்கள். 60 வாட் பெட்டிக்குப் பதிலாக 10 வாட் பெட்டியை வைத்தால் வீட்டிற்கு 50 வாட் மிச்சம். ஒரு லட்சம் வீடுகளில் இப்படி மிச்சமானால் 5 மெகாவாட். பாபநாசம் அருவி முழு வலிமையோடு தரும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு! அதுவும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்திற்கன்று. ஆண்டு முழுவதும், இரவும் பகலும். விளைகிறது என்பதற்காக நெல்லை யாரும் தெருவில் கொட்டுவதில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது?

குறைந்த மின்சாரத்தில் நிறைந்த வேலை செய்யும் சில்லுகளின் கதை சுவையானது. 1985 ஏப்ரலில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், ஏக்கார்ன் என்ற சிறிய நிறுவனத்தில், சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வடிவமைத்த முதல் ஆர்ம் சில்லைச் சோதித்தார்கள். மின்னோட்டத்தை அளக்கும் மானி சுழியத்தைக் காட்டியது. சில்லோ ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது! ஆராய்ந்து பார்த்தபோது, சில்லுக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை என்பது தெரிந்தது. மற்றச் சுற்றுகளிலிருந்து கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது இயங்கியிருக்கிறது. இன்று நம் சட்டைப்பையில் உள்ள கைப்பேசிகளின் சில்லுகள் அந்த வமிசத்தில் வந்தவையே.

அதே கேம்பிரிட்ஜில், மாணவர்களுக்காக உருவான ராஸ்ப்பெரி பை என்ற அட்டைக் கணிப்பொறி 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. இதுவும் ஆர்ம் வமிசமே. 2019-இல் வந்த இதன் நான்காம் மாதிரி ஓய்வில் ஏறத்தாழ 3 வாட் இழுக்கும். இரண்டு மாதத்திற்கு நாலேகால் யூனிட் அளவே. ஆனால் அட்டையின் விலையை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. மின்வழங்கி, பெட்டி, சேமிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வாங்க வேண்டும். சிறிய எஸ்.டி. கார்டில் ஓயாமல் எழுதினால் அது தேய்ந்து போகும்; எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் உள்ளே இருப்பது சிதையும். ஆகவே சுழலாத எஸ்.எஸ்.டி. ஒன்றை இணைப்பதே நல்லது.

இரண்டாவது வகை, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய மினி கணிப்பொறிகள். 2023-இல் வந்த இன்டெல் என்100 சில்லைக் கொண்டவை பல ஓய்வில் 10 வாட்டுக்குள் அடங்கும். விளம்பரத்தில் "6 வாட் சில்லு" என்று போட்டிருப்பதை முழுப் பெட்டியின் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது சில்லின் வெப்ப வரையறை. சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரம் வேறு. பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறு கணிப்பொறிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய பொருளாகவும் கிடைக்கின்றன.

மூன்றாவது வகைதான் என் கருத்தில் நம் மாணவர்க்கு மிக அருகில் இருப்பது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுகளில் இலட்சக்கணக்கான அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் கையில் மடிக்கணினி வந்து சேர்ந்தது. அவற்றுள் பல இன்று பீரோவின் மேல்தட்டில் துணி சுற்றித் தூங்குகின்றன. விசைப்பலகையில் இரண்டு எழுத்து போயிருக்கும். திரையில் ஒரு கோடு விழுந்திருக்கும். சர்வருக்கு விசைப்பலகையும் வேண்டாம், திரையும் வேண்டாம். திரையை அணைத்து, வரைகலைத் திரையமைப்பு இல்லாத டெபியன் லினக்ஸைப் போட்டு வைத்தால், அத்தகைய மடிக்கணினி பெரும்பாலும் 10 முதல் 15 வாட்டுக்குள் ஓடும். மின்சாரம் நின்றால் தாங்கப் பேட்டரியும் உள்ளேயே இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்வாரியம் இணைப்பை நிறுத்தும் நாளில் இதன் அருமை புரியும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் முழு மின்னேற்றத்தோடு வெப்பத்தில் கிடக்கும் லித்தியம் பேட்டரி உப்பக் கூடும். உப்பிய பேட்டரி ஆபத்தானது; உடனே கழற்றிவிட வேண்டும். வசதியுள்ள மாதிரிகளில் 80 சதவீதத்தோடு மின்னேற்றத்தை நிறுத்தும்படி அமைத்துக்கொள்ளலாம். பேட்டரி அறவே போய்விட்டால், ரவுட்டருக்கும் அட்டைக் கணிப்பொறிக்கும் அவ்வவற்றின் வோல்ட்டுக்கு ஏற்ற சிறு யு.பி.எஸ். போதும்.

சிக்கனத்திலும் ஓர் அளவு

இங்கே ஓர் எச்சரிக்கை. குறைந்த வாட் நல்லது என்றதும், மிகக் குறைந்த வாட்டைத் தேடிப் பணத்தைக் கொட்டுவோரும் இருக்கிறார்கள். யூனிட் 5 ரூபாய் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 60 வாட் பெட்டியை விட்டு 10 வாட் பெட்டிக்கு வந்தால் ஆண்டுக்கு 438 யூனிட், அதாவது 2,190 ரூபாய் மிச்சம். இது பெரிய தொகை. ஆனால் வீட்டில் இருக்கும் 10 வாட் மடிக்கணினியை ஒதுக்கிவிட்டு, 4 வாட் அட்டைக் கணிப்பொறியைப் புதிதாக 5,000 ரூபாய்க்கு வாங்கினால் மிச்சம் ஆண்டுக்கு 263 ரூபாய்தான். போட்ட பணம் திரும்ப வர 19 ஆண்டுகள் ஆகும்! அதற்குள் கருவி எத்தனை முறை பழுதாகும்? புதிய கருவி ஒன்றைச் செய்வதற்கே சுரங்கத்திலிருந்து தொழிற்சாலை வரை செலவாகும் ஆற்றலையும் மறந்துவிடக் கூடாது.

எனவே என் முடிவு இது. 60 வாட்டிலிருந்து 15-க்கு இறங்குவது அறிவுடைமை. கையில் இருப்பது 15 வாட்டுக்குள் ஓடினால் புதிதாக வாங்காமல் அதையே பயன்படுத்துவது அதனினும் அறிவுடைமை. கையில் ஒன்றுமே இல்லாதவர்தான் அட்டைக் கணிப்பொறியையோ மினி கணிப்பொறியையோ நாட வேண்டும்.

ஒன்றுக்கு இரண்டு

சிறிய கருவிக்கு வேறொரு சிறப்பும் உண்டு. பெரியது ஒன்றுக்கு ஆகும் மின்சாரத்தில் சிறியவை நான்கை ஓட்டலாம். தாமிரபரணிக் கரையில் வாழ்வோர்க்கு இது வெறும் கணக்கன்று. 1992 நவம்பரில் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பரில் மீண்டும் வந்தது. தரையில் வைத்த பெட்டி எத்தனை விலை உயர்ந்ததாயினும் வெள்ளத்திற்குத் தெரியாது. ஆகவே சர்வரைத் தரையில் வைக்காமல் பரணுக்குக் கீழே, காற்றோட்டமுள்ள உயரமான பலகையில் வைக்க வேண்டும். விசிறியின்றி ஓடும் கையளவுக் கருவியை அப்படி வைப்பது எளிது. இரண்டாவது ஒன்றை மேட்டுப் பகுதியில் இருக்கும் அத்தை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ வைத்து, இரவுதோறும் ஒன்றிலுள்ளதை மற்றொன்று நகல் எடுத்துக்கொள்ளும்படி செய்யலாம். ஒரே பெட்டியில் ஒரே நகல் இருந்தால் அது சேமிப்பு ஆகாது.

நாம் செய்யக் கூடியது

ஒரு கருவி எத்தனை வாட் இழுக்கிறது என்பதை அறிய விலையுயர்ந்த மானி தேவையில்லை. வீட்டு மின் மீட்டரின் முகப்பில் ஒரு சிறு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டரிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்றிருந்தால், மற்றெல்லாவற்றையும் அணைத்துவிட்டு அந்தக் கருவியை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிட்டு எண்ணுங்கள். 32 சிமிட்டல் என்றால் 10 வாட். 192 சிமிட்டல் என்றால் 60 வாட். கடைக்காரர் சொல்லும் எண்ணைவிட நம் வீட்டு மீட்டர் சொல்லும் எண்ணே மெய்.

நம் கல்லூரியின் இயற்பியல் துறை மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன். பீரோவில் தூங்கும் மடிக்கணினிகளை ஆளுக்கொன்றாக ஆய்வகத்திற்குக் கொண்டுவருவோம். திரையை அணைத்து, ஓய்வில் ஒவ்வொன்றும் இழுக்கும் மின்சாரத்தை அளப்போம். மாதிரியின் பெயரையும் வாட்டையும் எழுதித் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். அவற்றுள் தேறியது ஒன்றில் நம் வகுப்புக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் நிரப்பி, அடுத்த ஆண்டு வரும் முதலாமாண்டு மாணவர்களுக்கு விட்டுச் செல்வோம். அவர்களுள் பலர் தம் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வரும் முதல் ஆளாக இருப்பார்கள். அண்ணன் இல்லாதவர்க்கு அந்த அலமாரி அண்ணனாக இருக்கட்டும். அது ஆண்டு முழுவதும் விழித்திருக்கட்டும். வீட்டு நூறு யூனிட்டில் கை வைக்காமல் விழித்திருக்கட்டும்.